வாசிக்கும் கருவி போன பின்பு

நாயுடுபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எதுவும் முழுதாக உலராது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கொடைக்கானலின் இந்தப் பகுதியில் ஜன்னல் திறந்திருக்கும் அறைக்குள் மஞ்சு நேராக வந்து தங்கிவிடும். தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். புத்தக அட்டையில், துணிப்பெட்டியில், கேமரா லென்சுக்குள்ளும் பிடிக்கும். ஊர்க்காரர்களுக்கு இது பழக்கம்தான். வெயில் கண்ட முதல் நாளில் வீட்டிலுள்ளதை எல்லாம் திண்ணையில் பரப்பிவிடுவார்கள். அப்படிப் பரப்ப முடியாத பொருள் ஒன்று இன்னும் பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது. வெயிலில் வைத்தால் வளைந்து போகும், நிழலில் வைத்தால் பூத்துப் போகும். அது ஃப்ளாப்பி.

5.25 அங்குல ஃப்ளாப்பி என்பது ஒரு கறுப்பு உறைக்குள் கிடக்கும் மெல்லிய மைலார் வட்டு. இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையில் குழைத்து அதன் இரு பக்கமும் பூசியிருப்பார்கள். எழுத்தெல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். உறையின் நீள்வட்டத் துளை வழியாக வட்டைக் கையால் மெல்லத் திருப்பினால், சாம்பல் நிறப் புள்ளிகளும் நூல் போன்ற கோடுகளும் தெரியும். ஹார்டு டிஸ்கில் படிக்கும் தலை வட்டைத் தொடாமல் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். ஃப்ளாப்பியில் தலை வட்டின் மேல் அழுந்தி உரசிக்கொண்டேதான் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்று. பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே டிரைவில் செருகினால், தலை அந்த அழுக்கை இழுத்துக்கொண்டு சுற்றும், பூச்சு வட்டமாகச் சுரண்டப்பட்டுப் போகும். வட்டில் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் வளையம் இருந்தால், அந்த இடத்தில் இருந்த எழுத்து இந்த உலகத்தில் இல்லை. அதே தலையில் ஒட்டிய தூள் அடுத்த வட்டையும் கெடுக்கும். ஆசையோடு அலமாரியைத் திறந்து, எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவைத் தேடி வாங்கி, ஒரே மாலையில் பெட்டி முழுவதையும் அழித்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

இதே மலையில் இதற்கு நேர்மாறான ஒரு சேமிப்பும் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்த காரணமே துயரமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று தேட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சென்னையில் இருந்த வானாய்வு வேலையின் பெரும்பகுதி 1899-ல் இந்த உயரத்துக்கு வந்தது. 1904 முதல் இங்கே கண்ணாடித் தகடுகளில் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். கால்சியம் ஒளியில் எடுத்த படங்கள் மட்டும் 2007 வரை, ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ச்சியாக இருக்கின்றன. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்து, இன்றும் தன் பெயரால் வழங்கும் விளைவை உலகுக்குச் சொன்னதும் இங்கிருந்துதான்.

அந்தத் தகடுகளில் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும், நூறாண்டுக்கு முந்தைய சூரியன் தெரியும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். எந்தத் தொலைநோக்கியில் எடுத்தார்கள், எந்த நிறுவனத்தின் ரசாயனப் பூச்சு என்பதெல்லாம் தெரியாதவனுக்கும் அது ஒரு சூரியப் படம் என்று தெரிந்துவிடும். காலம் கடந்து நிற்கும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. கல்வெட்டும் ஓலையும் அச்சுத்தாளும் அப்படித்தான். எழுத்து மறந்து போனாலும், எழுத்து இருக்கிறது என்பதாவது கண்ணுக்குத் தெரியும். யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத்துக்கூட்டத் தொடங்கலாம்.

ஃப்ளாப்பியில் அந்தத் தொடக்கமே கிடையாது. கதை நிறைந்த வட்டும், ஒன்றுமே எழுதாத வட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். உருப்பெருக்கியில் பார்த்தாலும் ஒன்றுதான். அதைப் படிக்க அதே அளவு டிரைவ் வேண்டும். அந்த டிரைவின் சமிக்ஞையைப் புரிந்துகொள்ளும் கட்டுப்பாட்டுச் சில்லு வேண்டும். கோப்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அறிந்த இயக்க முறைமை வேண்டும். பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் வேண்டும். தமிழாக இருந்தால் அதற்கும் மேலே ஓர் எழுத்துரு வேண்டும். இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு பக்கம். நாம் பத்திரப்படுத்தியிருப்பது அதில் ஆறில் ஒரு பங்கை மட்டும்.

மீதி ஐந்து பங்கைத் திரும்பக் கட்டும் வேலைதான் எமுலேட்டர். ஒரு பழைய கணினியின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றும் என்ன செய்யுமோ அதையே இன்றைய கணினி ஒன்றைச் செய்ய வைக்கும் மென்பொருள் அது. செயலியும் நினைவகமும் திரையும் ஒலிச்சில்லும் வெறும் கணக்காக மாறி உள்ளே ஓடும். பழைய நிரலுக்குத் தான் வேறோர் இடத்தில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. ஜெஃப் ரோதன்பெர்க் என்ற அறிஞர் 1995-ல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், கணினி ஆவணங்களைக் கோப்பாக மட்டும் காத்தால் போதாது, அவற்றைத் திறக்கும் மென்பொருளையும், அது ஓடக்கூடிய சூழலையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்று எழுதினார். அப்போது அது தூரத்துக் கவலையாகத் தோன்றியிருக்கும். இப்போது அது நம் அலமாரிக்குள் வந்துவிட்டது.

நம் நாட்டில் பள்ளிக் கணினிகளின் கதை 1984-ல் தொடங்குகிறது. பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த கணினி, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் உருவாக்கிய பிபிசி மைக்ரோ. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், எட்டு பிட் செயலி. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதே கணினியை உரிமம் பெற்று ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போனவை சுமார் 12,000 கணினிகள். 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீயில் எரிந்தது. அதன் பின் சில ஆண்டுகளில் ஐபிஎம் வகைக் கணினிகள் எங்கும் பரவின. பிபிசி மைக்ரோக்கள் பூட்டிய அறைகளுக்குப் போயின, அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இந்தியாவில் ஓர் அரசுப் பள்ளி மாணவன் முதன்முதலாகத் தானே எழுதி ஓட்டிய நிரல் எப்படி இருந்திருக்கும்? அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், தானும் புதிதாகக் கற்றவர், பயிற்சிப் பாடங்களை எப்படி அமைத்திருப்பார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் அந்தக் கணினிகளின் வட்டுகளிலும், நிரல்களைச் சேமித்த ஒலிநாடாக்களிலும்தான் இருந்தது. திட்டத்தின் அறிக்கைகள் காகிதத்தில் இருக்கும். எத்தனை பெட்டி போயின, எவ்வளவு செலவு என்பது அதில் கிடைக்கும். பிள்ளைகள் எழுதியது அதில் கிடைக்காது. கல்வி வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. இன்னும் அது இழப்பாகக் கணக்கில்கூடச் சேரவில்லை.

பிபிசி மைக்ரோவின் வட்டுகளை வீட்டிலுள்ள சாதாரணக் கணினியில் படிக்க முயன்றால் பெரும்பாலும் தோல்விதான். அதன் வட்டு முறையில் ஒரு தடத்தில் 256 பைட் கொண்ட பத்துப் பகுதிகள். 40 தடங்கள் கொண்ட வட்டின் ஒரு பக்கத்தில் கொள்வது 1,02,400 பைட். அதில் அதிகபட்சம் 31 கோப்புகள். காந்தப் பூச்சில் அது எழுதும் முறை, பின்னால் வந்த ஐபிஎம் வகைக் கணினிகள் எழுதிய முறையைவிடப் பழையது. பின்னாளைய கணினிகள் பலவற்றின் கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கு அந்த முறையே தெரியாது. டிரைவ் நல்ல நிலையில் இருந்தும், வட்டு நல்ல நிலையில் இருந்தும், ‘வட்டில் ஒன்றும் இல்லை’ என்று திரை சொல்லும். அதை நம்பி எத்தனை வட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தத் தடையைத் தாண்ட வழி கண்டவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் இல்லை. கீர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கிய ‘கிரீஸ்வீசல்’ என்ற சிறு மின்னணுப் பலகை, பழைய டிரைவையும் இன்றைய கணினியின் யூஎஸ்பி துளையையும் இணைக்கிறது. கோப்பு, பகுதி, தடம் என்று எதையும் அது தேடுவதில்லை. வட்டு சுழலும்போது காந்தப்புலம் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் நேரக் கணக்கோடு அப்படியே பதிவு செய்கிறது. இந்த வட்டு எந்தக் கணினியுடையது என்று அந்த நேரத்தில் தெரிய வேண்டியதே இல்லை. பதிவு கைக்கு வந்துவிட்டால், அதை ஆற அமரப் பிரித்துப் படிக்கலாம். ஒரு தடவை சரியாக வராத இடத்தைப் பல சுற்றுகள் கேட்டு ஒப்பிடலாம். அதற்கான நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். பலகையின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். நான் இந்த மனிதர்களை மிக உயர்வாக மதிக்கிறேன். யாரும் கேட்காமல், யாருக்கோ ஒரு நாள் வேண்டியிருக்கும் என்று நினைத்துச் செய்த வேலை இது.

பிபிசி மைக்ரோவுக்கு ‘பீப்எம்’ என்ற எமுலேட்டர் 1990-களிலேயே வந்துவிட்டது. கொமடோர் 64 கணினிக்கு ‘வைஸ்’, ஐபிஎம் கணினிகளின் டாஸ் இயக்க முறைமை நிரல்களுக்கு ‘டாஸ்பாக்ஸ்’, விளையாட்டு இயந்திரங்களுக்கு ‘மேம்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு உழைத்திருக்கிறது. செயலியின் ஒவ்வொரு துடிப்பையும் பிசகாமல் பின்பற்ற ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். திரையில் மின்கதிர் எந்த வரியில் நிற்கிறது என்று கணக்கிட்டு வேலை செய்யும் நிரல்கள்கூட இன்று ஓடுகின்றன.

ஆனால் எவை பிழைத்தன என்று கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் நெஞ்சை உறுத்துகிறது. பிழைத்தவற்றில் மிகுதி, யாரோ சிறு வயதில் ஆசையோடு விளையாடியவை. பன்னிரண்டு வயதில் ஒரு விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்தவர் நாற்பது வயதில் அதற்காக எமுலேட்டர் எழுதினார். கணினியைக் காப்பாற்றியது அந்த அன்புதான். யாரும் ஆசைப்படாத மென்பொருளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு நிரல், பள்ளியின் மதிப்பெண் நிரல், டிடிபி சென்டரில் திருமணப் பத்திரிகையும் தேர்தல் நோட்டீசும் கோயில் விழா மலரும் செய்த தமிழ் மென்பொருள் இவற்றின் மேல் யாருக்கும் காதல் இல்லை. அவை வேலைக் கருவிகள். புதிய கருவி வந்ததும் பழையது போனது. ஆனால் தமிழ் முதன்முதலாகக் கணினித் திரையில் ஏறியது அந்தக் கருவிகளில்தான்.

அந்தத் தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. 1980-களில் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வைத் தொடங்கினார். 1990-களில் சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்தார். ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் இரவு நேர உழைப்பு. ஒவ்வொன்றுக்கும் எழுத்துகளை அடுக்கும் முறை வேறு. கணினி அப்போது ஆங்கில எழுத்துகளுக்காகக் கட்டிய வீடு. அதன் அறைகளில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்தார்கள், எந்த எழுத்து எந்த அறை என்பதை அவரவர் முடிவு செய்தார்கள். இலங்கைத் தமிழர்களிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பெருமளவு பரவிய ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால், கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது ஐந்து அர்த்தமற்ற குறிகள்.

இதனால் நமக்கு எமுலேட்டர் மட்டும் போதாது. நாயுடுபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய 3.5 அங்குல, 5.25 அங்குல ஃப்ளாப்பிகள் இருந்தன. பள்ளி ஆண்டு மலருக்காகப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, தாத்தா பாட்டிகளிடம் கேட்டுவரச் செய்து, தொகுத்துத் தட்டச்சு செய்த செய்திகள் அவற்றில் இருப்பதாகச் சொன்னார். மலரில் இடம் போதாமல் பாதி அச்சேறவில்லையாம். கையெழுத்துப் படிகள் எப்போதோ போய்விட்டன. 5.25 அங்குல வட்டுகளின் உறையை ஓரத்தில் கத்தரித்து, வட்டை வெளியே எடுத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடைத்து, உலர வைத்து, வேறு சுத்தமான உறையில் போட்டுப் படித்தோம். பெரும்பாலானவற்றைப் படிக்க முடிந்தது. டாஸ் வட்டுகள்தான், 360 கிலோபைட், ஒவ்வொன்றிலும் 180 பக்கம் அளவுக்குத் தமிழ் கொள்ளும். கோப்பின் பெயர்கள் திரையில் வந்ததும் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கோப்பைத் திறந்தோம். கோணல்மாணலாக ஆங்கில எழுத்துகள்.

“இது தமிழே இல்லையே, தம்பி. எல்லாம் கெட்டுப்போச்சா?”

“கெடலை டீச்சர். தமிழ்தான். எந்த எழுத்துருல அடிச்சீங்கன்னு தெரிஞ்சா வந்துரும்.”

“அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சோ அதுல அடிச்சோம். பேரெல்லாம் யாருக்குப்பா தெரியும்?”

உண்மைதான். பேனா எடுத்து எழுதுகிறவர் மையின் பெயரைக் குறித்துவைப்பாரா? எழுத்துருக் கோப்பு இருந்த வட்டு தனியே கிடைத்தது. அதில் பூஞ்சை ஆழமாக இறங்கியிருந்தது, படிக்க முடியவில்லை. பரவலாக இருந்த எழுத்துருக்கள் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தோம், எதுவும் பொருந்தவில்லை. பிறகு கணக்கு வழியாகப் போனோம். தட்டச்சுப்பொறி முறையில் அமைந்த எழுத்துருக்களில் மெய்யெழுத்துப் புள்ளிக்குத் தனிக் குறி உண்டு. எந்தத் தமிழ்ப் பக்கத்திலும், சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்தை விட்டால், மிக அதிகமாக வருவது அந்தப் புள்ளிதான். கோப்பில் எந்தக் குறி மிக அதிகம் என்று எண்ணினோம், அதைப் புள்ளி என்று வைத்தோம். அடுத்து எந்தக் குறி எப்போதும் ஒரு மெய்க்கு முன்னால் மட்டுமே நிற்கிறது என்று பார்த்தோம். அது கொம்பாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். இந்த மாற்றத்தையும் கவனித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக அட்டவணை போட்டோம். தலைப்பில் இருந்த பள்ளியின் பெயரும் மாதப் பெயர்களும் கைகொடுத்தன.

வந்தது. முழுதாக இல்லை. மலைப்பாதை போடுவதற்கு முன்பு சரக்கு எப்படி மேலே வந்தது என்று ஒரு பாட்டி சொன்னதை ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். பூண்டு விதைக்க நாள் பார்ப்பது, காட்டெருமை வந்தால் என்ன செய்வது, எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது என்பதெல்லாம் பிள்ளைகளின் பிழையான, நேரான தமிழில் இருக்கின்றன. நடுவில் ஒரு கோப்பு வட்டின் கெட்ட பகுதியில் சிக்கிப் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. இருபது தடவைக்கு மேல் கேட்ட பிறகும் காந்தத்தில் அங்கே எதுவும் மிச்சமில்லை. அதைச் சொன்ன பாட்டி இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

தமிழின் பழைய இலக்கியத்துக்கு இன்று காவல் இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகம் அச்சுநூல்களைக் காக்கிறது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், இணையத்தில் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே ஏற்றியது. முதலில் டிஸ்கி குறியாக்கத்தில் ஏற்றிய நூல்களை, யூனிகோடு பரவிய பிறகு மாற்றியும் தந்தார்கள். கையில் பிடித்துக்கொண்டே இருந்ததால் அவை பிழைத்தன. கைவிட்டவை, யாரும் ஆவணம் என்றே நினைக்காதவை, 1985-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளின் சாதாரணத் தமிழ். சங்கச் செயலாளர் அடித்த தீர்மானம், சிற்றிதழின் அச்சுக்குப் போகும் முன்னான படி, பாட்டி சொன்னதைப் பேத்தி அடித்தது. 1950-ம் ஆண்டின் ஒரு துண்டுப் பிரசுரத்தை இன்று எளிதாகப் படிக்கலாம். 1990-ன் ஒரு தமிழ்க் கோப்பைப் படிக்க ஒரு மாத வேலை தேவைப்படுகிறது.

இதில் இன்னும் கடினமான இடங்கள் உண்டு. புணேயின் சி-டாக் நிறுவனம் வழங்கிய ‘ஜிஸ்ட்’ அட்டை, கணினிக்குள்ளேயே செருகும் ஒரு மின்னணுப் பலகை. டாஸில் இயங்கிய வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே இந்திய மொழிகளில் எழுத அது வழி செய்தது. அன்றைக்கு அது பெரிய சாதனை. ஆனால் டாஸ்பாக்ஸ் ஐபிஎம் கணினியைத்தான் பின்பற்றுகிறது, அந்த அட்டையைப் பின்பற்றுவதில்லை. அது போலவே, திருட்டுப் பிரதியைத் தடுக்கக் கணினியின் பின்புறத்தில் ஒரு ‘டாங்கிள்’ செருகினால்தான் திறக்கும் மென்பொருள்கள் இருந்தன. மென்பொருள் வட்டு கிடைக்கும், டாங்கிள் கிடைக்காது. லண்டனிலோ பெர்லினிலோ இருக்கும் ஓர் ஆர்வலர் இதற்கு எமுலேட்டர் எழுதப் போவதில்லை. அவருக்கு இது இருப்பதே தெரியாது. அந்த அட்டையில் அன்று வேலை பார்த்தவர்கள், அதன் கையேட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களைக் கேட்பதற்கான காலம் இன்னும் சில ஆண்டுகள்தான்.

படித்து முடித்த வட்டுகளை என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். எறிய வேண்டாம் என்றேன். காரணம் சூரிய ஆய்வகத்தின் அனுபவம். அங்கே தகடுகளை முதலில் எண்ணியலாக்கியபோது கிடைத்தவை எட்டு பிட் படங்கள், 256 சாம்பல் நிலைகள். அந்தக் காலத்துக் கருவி அவ்வளவுதான் தந்தது. பிறகு வந்த கருவியால் அதே தகடுகளை 4,096-க்கு 4,096 புள்ளிகளில், 16 பிட் ஆழத்தில் மறுபடி எடுத்தார்கள். 65,536 நிலைகள். முதல் பிரதியில் தெரியாத நுணுக்கங்கள் இரண்டாவதில் தெரிந்தன. முதல் பிரதி எடுத்தவுடன் தகடுகளைக் கழித்திருந்தால் இந்த வாய்ப்பே இருந்திருக்காது. அந்தப் பாதி வாக்கியத்தில் நின்ற வட்டும் பத்திரமாக இருக்கிறது. காந்தத்தின் இன்னும் மெல்லிய தடயத்தைப் படிக்கும் கருவி வரலாம், வராமலும் போகலாம். வட்டு இருந்தால்தான் அந்தக் கேள்விக்கே இடம்.

வீட்டில் ஃப்ளாப்பி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது மிகச் சில. பூஞ்சை தெரிந்தால் டிரைவில் செருகாதீர்கள். வட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் பிய்க்காதீர்கள், அதில் எழுதியிருப்பதும் ஆவணம். எந்தக் கணினியில், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்த ஒரு வரி எங்களுக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும். டிடிபி சென்டர் நடத்தியவர்கள் பழைய மென்பொருள் வட்டுகளையும் எழுத்துருக் கோப்புகளையும் தேடி எடுங்கள். உங்களுக்கு அவை காலாவதியான சரக்கு. யாரோ ஒருவரின் குடும்பத்துக்கு அவை சாவி.

நூலகங்களிடம் கேட்க வேண்டியது வேறு. ஒரு நூலகம் இந்த வேலையைச் செய்ய முன்வந்தாலும் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அது நல்லது, ஆனால் தன் சொந்த உபயோகத்துக்கு. லாபநோக்கற்ற பொது நூலகங்களுக்கென்று 2012-ல் ஒரு விதிவிலக்கும் சேர்த்தார்கள். பாதுகாப்பதற்காக ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமித்து வைக்கலாம், ஆனால் அந்தப் படைப்பின் எண்ணியல் அல்லாத பிரதி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இதை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது புத்தகம். புத்தகத்தை ஸ்கேன் செய்யும் நூலகத்துக்கு வழி கிடைத்தது. காகிதத்தில் ஒருபோதும் இருந்திராத, வட்டில் மட்டுமே பிறந்து வட்டில் மட்டுமே இருக்கும் எழுத்துக்கும் எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் அந்தப் பிரிவில் இடம் இல்லை. கணினி நிரலுக்கும் நம் சட்டத்தில் இலக்கியப் படைப்புக்குரிய காலம்தான், ஆசிரியரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும். 1985-ல் எழுதிய ஒரு தமிழ் மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாகும் நாளில், அதன் வட்டுகளில் ஒன்றுகூடப் படிக்கும் நிலையில் இருக்காது.

எண்ணியல் அல்லாத பிரதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, பாதுகாப்புப் பணிக்கு மட்டுமாவது, நீக்க வேண்டும். நூலகங்கள் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் அவற்றின் எமுலேட்டரோடு வைத்துக்கொள்ளவும், ஆய்வுக்காகத் தங்கள் கூரைக்குள் திறந்து காட்டவும் அனுமதி வேண்டும். உரிமையாளர்களின் வருமானம் இதனால் குறையாது, அந்த மென்பொருள்களை இன்று யாரும் விற்பதில்லை. சட்டம் மாறும்வரை, அவற்றை உருவாக்கியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பது நூலகங்களால் இன்றே முடியும். நாயுடுபுரத்தில் நாங்கள் போட்ட எழுத்து அட்டவணையை, அது எந்த எழுத்துரு என்று இன்னும் பெயர் தெரியாவிட்டாலும், கேட்கும் எந்த நூலகத்துக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.